கம்பளி துவைத்த வாரம்

1

“மெஷினை நிறுத்துங்க ஆன்ட்டி! கெஞ்சிக் கேக்கறேன், ஒரே ஒரு பாட்டு!”

“நிறுத்தறேன் தம்பி. காலையில ஆஸ்பத்திரிக்காரன் வந்து பெட்ஷீட் எங்கேன்னு கேப்பான். உன் பாட்டை விரிச்சு நோயாளியைப் படுக்க வைக்கச் சொல்லட்டுமா?”

“அம்மா, அவன்கிட்ட ஏம்மா கத்தறே?”

“நீ வாயை மூடுடி. சோப்புத்தூள் டின் எல்லாத்தையும் அடிச்சு நசுக்கி வச்சிருக்கே, அதுக்கு உனக்குத் தனியா இருக்கு.”

இப்படித் தொடங்கலாம் என்று வைத்திருக்கிறேன். வேறு மூன்று தொடக்கங்கள் எழுதிக் கிழித்துவிட்டேன். ஒன்றில் மழை பெய்தது. ஒன்றில் “இசை என்பது” என்று ஆரம்பித்து, அதற்கு மேல் என்ன என்று எனக்கே தெரியாமல் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். சண்டைதான் தோதாக இருக்கிறது. சண்டை என்றால் நாலு பேர் ஜன்னலைத் திறப்பார்கள். கதைக்கு வேண்டியதும் அதுதானே.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். போன வாரம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். டிரைவர் ரேடியோ வைத்திருந்தார். ‘ஈரத்துணி’ குழுவின் அந்தப் பழைய பாட்டு வந்தது. முதல் பாதி தாலாட்டுப் போல நகர்ந்தது. பிறகு நடுவில் அந்த மௌனம். டிரைவர் ரேடியோ செத்துவிட்டதென்று நினைத்து அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். சரியாக அப்போது டிரம்ஸ் இடித்துக்கொண்டு இறங்கியது. பஸ் முழுக்கச் சிரிப்பு. டிரைவர் தன் கைராசியை நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டார். அந்த மௌனம் ஆஸ்பத்திரிக் கம்பளிகளிலிருந்து தண்ணீர் வடிய ஆகும் நேரம் என்பது அந்த பஸ்ஸில் எனக்கு மட்டும்தான் தெரியும். இதை நாலு பேரிடம் சொல்லாமல் எனக்குச் சாப்பாடு இறங்காது.

[சண்டை நடந்த சலவைக்கடைக்குப் பக்கத்து வீடு என்னுடையது. என் சமையலறை ஜன்னல் அவர்கள் பின்னறையைப் பார்த்தபடி இருக்கிறது. எட்டிப் பார்த்தேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். ஜன்னலை வைத்தது கொத்தனார். பாத்திரம் கழுவும்போது கண்ணைக் கழற்றி அலமாரியில் வைக்க முடியாது.]

2

குழுவில் மூன்று பேர். மூன்றே பேர்தான், பயப்படாதீர்கள்.

பாட்டும் கிடாரும் சீப்பு. பின் பாக்கெட்டில் எந்நேரமும் ஒரு சீப்பு செருகியிருக்கும். ஒரு சரணம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் தலையை வாரி முடித்துவிடுவான். பேஸ் கிடார் வாசித்தவன் மருந்து. மருந்துக் கடையில் வேலை. எதைக் கேட்டாலும் கொஞ்சம் யோசித்து “இருக்கா பாக்கறேன்” என்பான். ஒரு பெண் அவனிடம் காதலைச் சொன்னபோதும் அதையே சொன்னதாகத் தெருவில் பேச்சு. டிரம்ஸ் சலவைக்கடை அம்மாவின் ஒரே மகள். தெரு அவளுக்கு வைத்த பெயர் தடால். நடந்தாலும் தடால், கதவைச் சாத்தினாலும் தடால்.

அவள் கண்களில் எப்போதும் ஒரு கனவு—

(இந்த வாக்கியத்தை இதோடு விட்டுவிடுகிறேன். அவள் கண்களில் பெரும்பாலும் இருந்தது சோப்புத்தூள்.)

எனக்கு நம்பிக்கை வராத பாத்திரம் சீப்பு. அவனும் தடாலும் காதலிக்கிறார்கள் என்று நீங்கள் இப்போதே முடிவு கட்டியிருப்பீர்கள். தெருவும் கட்டியது. நானும் தெருவில்தானே இருக்கிறேன், ஆசையாகக் காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அவன் காதலித்தது அவன் முடியைத்தான். கதைக்காக ஒரு பார்வை, ஒரு விரல் உரசல் என்று சேர்த்துப் பார்த்தேன். தடால் என்னை முறைப்பது போல இருந்தது, எடுத்துவிட்டேன்.

இந்தக் கதையில் ஆசைப்பட்டவள் தடால் ஒருத்திதான். சீப்புக்குப் புகழ் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, கண்ணாடி இருந்தது. மருந்துக்கு வேலை இருந்தது. தடாலுக்கு முன்னால் இருந்தது துணி மூட்டை. அதற்குப் பின்னால் இன்னொரு துணி மூட்டை. தான் அடித்த பாட்டு ஒன்று ரெக்கார்டில் வர வேண்டும், அதை முன்பின் தெரியாத யாரோ ஒருவர் கேட்க வேண்டும். வேறெதுவும் அவள் கேட்கவில்லை.

3

மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு ஹோட்டல் தூக்கிப் போட்டதை அம்மா வாங்கிக் கொண்டுவந்தது. எருமை கணக்காக அறையின் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும். துவைக்கும்போது இந்தப் பக்கம் குடுகுடுவென்று உருளும், ஒரு மூச்சு நிற்கும், அந்தப் பக்கம் குடுகுடு. பிறகு தண்ணீர் வடியும். அப்போது சத்தமே இருக்காது. அதற்கப்புறம் பிழிய ஆரம்பிக்கும் பாருங்கள், எங்கள் வீட்டு டம்ளர் எல்லாம் அலமாரியில் கிணுகிணுக்கும்.

மெஷினை நிறுத்தச் சொல்லிச் சண்டை போட்டுத் தோற்ற பிறகு மூன்று பேரும் அதோடு வாழப் பழகிக்கொண்டார்கள். அது உருளும்போது எதிர்த்து வாசிக்க முடியாது, ஆகவே அதன் கூடவே மெதுவாகப் போனார்கள். அது மூச்சு விடும் இடத்தில் மருந்து ஒரு தந்தியைத் தட்டினான். தண்ணீர் வடியும்போது வாசிப்பை நிறுத்தினார்கள். காரணம், அந்த அமைதிக்காகக் காத்திருந்த அம்மா சரியாக அப்போதுதான் உள்ளே வந்து, “சாயம் போற துணியைத் தனியா வைன்னு எத்தனை தடவை சொல்றது!” என்று ஆரம்பிப்பாள். அவள் முடித்ததும் மெஷின் பிழியும். அந்த இரைச்சலில் தன் குரல் தனக்கே கேட்க வேண்டுமென்றால் உயிரைக் கொடுத்துக் கத்த வேண்டும். சீப்பு கத்தினான். நரம்பு புடைக்க, அழகாகவே கத்தினான்.

அப்படித்தான் அவர்கள் பாட்டுக்கு ஓர் உருவம் வந்தது: முதலில் மெட்டு, நடுவில் மௌனம், கடைசியில் சூறாவளி. உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்ததில்லை.

தடால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அடிப்பாள். மெஷினின் ஆட்டம் தரை வழியாக வந்து அவள் குதிகாலில் ஏறும். அவள் தாளத்தைக் காதால் கேட்டதே இல்லை. காலால் வாங்கிக் கையால் கொடுத்தாள்.

[இதை நானாகச் சேர்க்கவில்லை. பின்னால் அவளே என்னிடம் சொன்னாள். அப்போது துணி உலர்த்த என் மொட்டை மாடிக்கு வந்திருந்தாள், நானும் தற்செயலாக வற்றல் எதுவும் இல்லாமலே அங்கே போயிருந்தேன்.]

குழுவுக்கு முதலில் ‘தீப்பிழம்பு’ என்று பெயர். ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவில் வாசித்தார்கள்; பாதியில் தாளம் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கமாகப் போய், தலைமையாசிரியர் நன்றியுரையைத் தொடங்கிவிட்டார். மூன்று பேரும் தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தபோது அம்மா பார்த்துவிட்டுச் சொன்னாள்: “என்ன தீப்பிழம்பு, ஈரத்துணி மாதிரி வர்றீங்க?” பெயர் ஒட்டிக்கொண்டது. அடுத்து ஒரு செருப்புக் கடைத் திறப்பு விழா. அங்கே அமோகமாக வாசித்தார்கள். மேடைக்குப் பக்கத்தில் ஒரு ஜெனரேட்டர் குடுகுடுத்துக்கொண்டிருந்ததை அப்போது யாரும் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை, செருப்பு பார்த்துக்கொண்டிருந்தேன்.

4

இளைஞர் இசைப் போட்டி வந்தது. அந்த வாரம் திடீரென்று குளிர் இறங்கியது. ஆஸ்பத்திரியில் இருந்த கம்பளியெல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கிற்று.

பெட்ஷீட் என்றால் சட்டென்று வடிந்துவிடும். கம்பளி அப்படியில்லை, தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு அழும். அந்த வாரம் முழுக்க மூன்று பேரும் கம்பளியோடுதான் ஒத்திகை பார்த்தார்கள். பாட்டின் நடுவில் இருந்த மௌனம் அவர்களுக்கே தெரியாமல் நீண்டுபோனது.

போட்டி மண்டபம் பழைய மரமேடை. முந்தின குழுவின் கூட்டம் இன்னும் பின்னால் குதித்துக்கொண்டிருந்ததால் மேடைப் பலகை லேசாக ஆடிக்கொண்டே இருந்தது. முதல் பாதி நன்றாகப் போனது. மௌனம் வந்தது. மௌனம் போகவில்லை. நடுவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ கை தட்டினார். பாட்டு முடிந்ததென்று எல்லோரும் தட்டினார்கள். ஒரு வரிசையே எழுந்து டீ குடிக்கக் கிளம்பியது. சீப்பு தலை வாரிக்கொண்டான். மருந்து கூரையைப் பார்த்தான். தடால் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, எங்கோ வடிந்துகொண்டிருந்த தண்ணீரைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு அடித்தாள்.

கதவு வரை போனவர்கள் நின்றுவிட்டார்கள். ஒருவர் டீயைத் தன் சட்டையிலேயே கொட்டிக்கொண்டார். முதல் பரிசு. மறுநாள் ஒரு பத்திரிகைக்காரர், பிரிவின் வெறுமையை இத்தனை துணிச்சலோடு யாரும் இசையாக்கியதில்லை என்று எழுதினார். அம்மா அதைக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் படித்துக் காட்டினாள். “வெறுமையாம்” என்று பெருமையாக நிமிர்ந்து பார்ப்பாள். என்ன அர்த்தம் என்று கேட்டவர்களுக்கு, “நல்லதாத்தான் இருக்கும்” என்பாள்.

5

ரெக்கார்டிங் கம்பெனிக்காரர் ஆள் அனுப்பினார். பெரிய ஊர், பெரிய ஸ்டுடியோ. கால் புதையும் கம்பளம், சுவரெல்லாம் பஞ்சு. தடாலின் காதில் ஒரு கருவியை மாட்டி, டிக் டிக் என்று வரும், அதோடு அடிம்மா என்றார்கள்.

அவளால் முடியவில்லை. டிக் ஓரிடத்தில் இருந்தது, கை ஓரிடத்தில் இருந்தது. மௌனத்திலிருந்து ஒருமுறை சீக்கிரம் வெளியே வந்தாள், ஒருமுறை வரவே மறந்தாள். திரும்பத் திரும்ப எடுத்தார்கள். கடைசியில் சீப்பு தலை வாரக்கூட மறந்துபோனான்.

கம்பெனிக்காரர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஒரு வில்லன் கிடைத்திருப்பான்.

“உங்க மேல தப்பில்லம்மா. மேடை வேற, ரெக்கார்டிங் வேற. நம்மகிட்ட ஒரு தம்பி இருக்கான், வாடகைக்கு வாசிப்பான், கடிகாரம் மாதிரி. ரெக்கார்டுல அவன் அடிக்கட்டும். அட்டையில உங்க பேர்தான் இருக்கும், போட்டோவுல நீங்கதான் நிப்பீங்க.”

“அவ இல்லாம பாட்டு இல்ல சார்,” என்றான் சீப்பு.

“நீ சும்மா இருடா,” என்றாள் தடால். பிறகு அவரிடம்: “இன்னொரு வாய்ப்பு குடுங்க சார்.”

“மாசக் கடைசிக்கு வாங்க. அந்தத் தம்பியும் இருப்பான். எது சரியா வருதோ அதை வச்சுக்கலாம்.”

திரும்பும் ரயில். தடால் ஷூவைக் கழற்றிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ரயில் வேகம் பிடித்தது. திடீரென்று மருந்தின் தொடையில் ஓங்கி ஒரு அடி.

“டேய், தரை ஆடலடா!”

“ஆடுதே.”

“இங்க இல்லடா லூசு. ஸ்டுடியோவுல. அங்க தரை ஆடல. அதான் எனக்கு வரல.”

மருந்து வழக்கம்போல யோசித்தான். “அப்ப நம்ம குழுவுல நாலு பேரா?”

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து சீட் குழந்தை எழுந்து அழுததாம். வழியிலேயே திட்டம் போட்டுவிட்டார்கள். மாசக் கடைசி வரை வெறுங்காலோடு மெஷின் பக்கத்திலேயே கிடப்பது. தரையில்லாமலே அந்த ஆட்டம் உடம்பில் நிற்கும்வரை விடுவதில்லை.

6

இந்தப் பகுதியை எழுத எனக்குக் கை வரவில்லை. நடந்தபோது நான் அங்கேயே இருந்தேன். புது மெஷின் பார்க்க வாருங்கள் என்று அம்மா கூப்பிட்டிருந்தாள்.

ஆமாம், புது மெஷின். வெள்ளை வெளேரென்று, நீல விளக்கு மினுக்கிக்கொண்டு, பெட்டி பிரித்த வாசனையோடு. மூன்று பேரும் பையை இறக்காமல் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

“எப்படி இருக்கு? ஓடிக்கிட்டுதான் இருக்கு! கேக்குதா? கேக்காது!” அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. “நீ குடுத்த பரிசுப் பணம், மிச்சத்துக்கு மெஷின் கடைக்காரன் அந்த எருமையை எடுத்துக்கிட்டான். தூக்க நாலு ஆள், அவனுங்க பட்ட பாடு! எத்தனை வருஷமா நிறுத்து நிறுத்துன்னு கெஞ்சினீங்க. நான் ஒரு நாளாவது நிறுத்தினேனா? தொழில்டா தம்பி, என்ன பண்றது. மனசுல உறுத்திக்கிட்டே இருந்துது. இனிமே பாடு. எவன் தடுக்கறான் பாக்கறேன்.”

சீப்பு வாயைத் திறந்தான். தடால் அவன் காலை மிதித்தாள். அழுத்தி மிதித்தாள், அவன் திறந்த வாய் அப்படியே ஒரு கொட்டாவியாக மாறியது.

“நல்லா இருக்கும்மா,” என்றாள் தடால். “ரொம்ப நல்லா இருக்கு.”

“முடிஞ்சதும் சின்னதா ஒரு பாட்டு வேற பாடுதுடி!”

பாடியது. “சுருதி சேரல,” என்று முணுமுணுத்தான் மருந்து. யாரும் சிரிக்கவில்லை.

அன்று மாலை முதல்முறையாக அமைதியில் வாசித்தார்கள். அம்மா கடையை அடைத்துவிட்டு, டீயோடு வந்து, துணி மூட்டை மேல் உட்கார்ந்து கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் உட்கார்ந்து கேட்டதே இல்லை. மேலே போகும் இடத்தில் சீப்பின் குரல் வழுக்கியது. மருந்தின் ஒரு தந்தி துருப்பிடித்திருந்தது. தடாலின் கை அடுத்த அடி எங்கே என்று தேடிக்கொண்டே இருந்தது. பழைய மெஷின் மூடி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது.

அம்மா பாட்டு முடியும்வரை காத்திருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: “ஏன்டி, முன்னெல்லாம் நல்லாத்தானே இருந்துது?”

தடால் எழுந்து வந்து டம்ளரை வாங்கிக்கொண்டாள். “களைப்பும்மா. ரயில்ல தூக்கமில்ல.”

7

அந்த மாதம் முழுக்க அவள் ஆடுகிற தரை தேடி அலைந்தாள். பேக்கரியில் மாவு பிசையும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வெறுங்காலோடு நின்று துரத்தப்பட்டாள். ரயில்வே பாலத்துக்குக் கீழே உட்கார்ந்து பார்த்தாள். ரயில் நினைத்தபோது வந்தது. கடைசி நாட்களில் எங்கும் போகவில்லை. இருட்டுவதற்குள் வேலையை முடித்துவிட்டுப் பின்னறையில் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இங்கே நான் ஒரு முடிவு எழுதினேன். அம்மாவும் மகளும் எதிரெதிரே நின்று ஆஸ்பத்திரி பெட்ஷீட்டை மடிக்கிறார்கள். உதறல், ஓர் அடி, மடிப்பு, உதறல், ஓர் அடி, மடிப்பு. அந்தத் தாளம் தடாலின் காலில் ஏறுகிறது. இருவர் கண்ணிலும் நீர். படித்துப் பார்த்தேன். எனக்கே கண்ணீர் வந்தது, ஆகவே பொய் என்று தெரிந்தது. அவர்கள் பெட்ஷீட் மடிப்பதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். மடிக்கும்போது சண்டைதான் போடுவார்கள்.

சரி, மாசக் கடைசியில் ஸ்டுடியோவில் என்ன நடந்தது? என் ஜன்னல் அத்தனை தூரம் எட்டாது. இரண்டு கதைகள் வந்து சேர்ந்தன.

சீப்பின் அம்மா சொன்னது: வாடகை டிரம்மர் குச்சியோடு வந்து தயாராக இருந்தார். தடால் ஷூவைக் கழற்றினாள், காதில் மாட்டியதைக் கழற்றினாள், கம்பளத்தின் ஓரத்தைப் புரட்டி வெறுந்தரையில் கால் வைத்தாள். சீப்பையும் மருந்தையும் பார்த்து, “என் காலைப் பாருங்கடா” என்றாள். ஒரே மூச்சில் முழுப் பாட்டு. அந்த வாடகை டிரம்மர் குச்சியைப் பையில் வைத்துவிட்டு, எனக்கு டீ சொல்லுங்க என்றார்.

மருந்து சொன்னது (தலைவலி மாத்திரை வாங்கப் போனேன், தலைவலி உண்மை): “அந்த வாடகை டிரம்மர்தான் அடிச்சாரு அக்கா. சுத்தமா அடிச்சாரு. ஆனா நடுவுல அவரால சும்மா இருக்க முடியல. எண்ணி முடிச்சதும் கை தானா எறங்கிடுது. தடால் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நின்னு கையைத் தூக்குனா. அவ கை எறங்கினப்புறம்தான் அவர் அடிச்சாரு.”

“நிஜமாவா?”

“அப்படித்தான் ஞாபகம். இருங்க, பாக்கறேன்,” என்று சொல்லிவிட்டு மாத்திரை எடுக்க உள்ளே போனவன், யாரோ வர, திரும்பவே இல்லை.

ரெக்கார்டின் அட்டையில் மூன்று முகங்கள். டிரம்ஸ் என்ற இடத்தில் தடாலின் பெயர். அது எப்படியும் இருந்திருக்கும், கம்பெனிக்காரர்தான் முதலிலேயே சொல்லிவிட்டாரே. பிறகு ஊர் ஊராகப் போனார்கள், மேடையில் அவளேதான் அடித்தாள். அதில் யாருக்கும் சந்தேகமில்லை; ஆயிரம் பேர் குதித்தால் எந்த மேடையும் ஆடும். சந்தேகம் அந்த முதல் பாட்டில் மட்டும்தான், அவள் ஆசைப்பட்ட அந்த ஒன்றில் மட்டும். முன்பின் தெரியாதவர்கள் கேட்டார்கள். கேட்டது அவளையா?

நான் பாட்டை எத்தனையோ முறை போட்டுப் பார்த்துவிட்டேன். ஒரு நாள் ஆமாம் என்று தோன்றுகிறது, ஒரு நாள் இல்லை என்று. கதை எழுதுகிறவள் நான்தானே, ஏதாவது ஒன்றை எழுதிவிட்டுப் போகலாம். மனசு வரவில்லை. நீங்களும் கேட்டிருப்பீர்கள். நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

8

மிச்சமெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும்.

சீப்பு கம்பெனிக்காரரின் தங்கையைக் கட்டிக்கொண்டு பெரிய ஊரோடு போய்விட்டான். இப்போது எந்தப் படத்திலும் தொப்பியோடுதான் இருக்கிறான். காரணத்தை நான் சொல்லத் தேவையில்லை. மருந்து இரண்டாவது ரெக்கார்டோடு விலகி, முதலாளியின் மகளை மணந்து, கடைக்கு முதலாளி ஆனான். அவனிடம் காதலைச் சொன்ன பெண் அவள்தானாம். எத்தனை வருஷம் கழித்து இருக்கா என்று பார்த்துச் சொன்னான் பாருங்கள்.

தடால் அந்த வாடகை டிரம்மரைக் கட்டிக்கொண்டாள்.

தெரு அதிர்ந்துபோனது. நான் ரெண்டு நாள் யாரோடும் பேசவில்லை. இப்படி ஒன்று என் கண்ணில் படாமல் நடந்துவிட்டதே என்ற வருத்தம். பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, சாட்சிக்குச் சீப்பும் மருந்தும். மாப்பிள்ளை அமைதியான மனிதர். நடந்தால் சத்தமே வராது.

யோசித்துப் பார்த்தால் இந்தக் கல்யாணம் இரண்டு கதைக்கும் பொருந்துகிறது. குச்சியைப் பையில் வைத்துவிட்டு டீ கேட்டவரையும் ஒருத்தி கட்டிக்கொள்வாள். தன் கை இறங்கும்வரை காத்திருந்தவரையும் கட்டிக்கொள்வாள்.

வேறு ஊரில் வீடு பார்த்து, அம்மாவையும் கூட்டிப் போக வந்தார்கள். கடைச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது நான் நேராகப் போய்க் கேட்டுவிட்டேன்.

“மனசுல வச்சுக்கிட்டு என்னால முடியாதுடி. அந்த ரெக்கார்டுல அடிச்சது யாரு? நீயா, மாப்பிள்ளையா?”

தடால் அவரைப் பார்த்தாள். அவர் கயிற்றை இழுத்துக் கட்டுவதில் மும்முரமாக இருந்தார், காது மட்டும் சிவந்திருந்தது.

“எல்லாத்தையும்தான் பாத்தீங்க அக்கா,” என்றாள் அவள், என் கையைப் பிடித்துக்கொண்டு. “இது ஒண்ணை நாங்க வச்சுக்கறோமே.”

வண்டி கிளம்பியது. அம்மா முன் சீட்டில் உட்கார்ந்து, டிரைவர் சட்டையில் இருந்த கறையைப் பற்றி அவரிடம் விசாரிக்க ஆரம்பித்திருந்தாள்.

கடை இருந்த இடத்துக்கு இப்போது ஒரு கண் டாக்டர் வந்திருக்கிறார். போன மாதம்தான் கல்யாணம் ஆனதாம். மனைவியை இன்னும் நான் பார்க்கவில்லை.